துப்பாக்கி வந்துவிட்டது, உங்கள் அண்ணன் வரவில்லை

கிறிஸ்துவுக்குள் பிரியமான கொழுந்தனார் ஹார்லன் தோர்ஸ்டாட் அவர்களுக்கு, வடக்கு டகோட்டாவிலிருந்து அண்ணி அல்வினா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே வாஷிங்டனில் நீங்களும் சுகமாயிருக்க ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லுகிறேன், போன வாரத்திலிருந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்லுகிறேன். முதல் பனி புதன்கிழமையே விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அதற்குள் நிலவறையில் இறக்கிவிட்டேன், அழுகல் கொஞ்சந்தான். நீங்கள் ஆகாயப் பாதுகாப்புக்கு விதிகள் எழுதும் பெரிய உத்தியோகத்துக்கு உயர்ந்ததைப் பற்றி நம் சர்ச் மடலில் போட்டிருந்தார்கள். உங்கள் படத்தை வெட்டி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் உங்களைப் பார்க்கிறேன். உங்கள் அம்மா, என் அத்தை, உயிரோடு இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்கள். சிறு வயதில் உங்களைக் கோழிக்கூட்டைப் பூட்டிவிட்டு வரச்சொன்னால், ஓடிப்போய் பூட்டை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்து, சாவியை மெத்தைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு வருவீர்களாம், கோழிகளெல்லாம் வெளியே நிற்குமாம், உள்ளே நரி இருக்குமாம். அத்தை இதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. அப்போதே உங்களுக்குப் பூட்டின்மேல் ஒரு பற்று இருந்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் மகள் கேரனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பெயர் சிக்ரிட், அத்தையின் பெயர். நம் வீட்டு வழக்கப்படி தாயைப் பெற்ற தாத்தாதான் குழந்தையை வாசலிலிருந்து ஞானஸ்நானத் தொட்டிவரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். இது உங்களுக்குத் தெரியும். அதேபோல, கேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, உயிரோடில்லாத என் அப்பாவின் இடத்தில் நடக்கவேண்டிய உங்கள் அண்ணன் எங்கேயோ ஆகாயத்தில் இருந்தார் என்பதும், அவருடைய இடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது நீங்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவள் சபையில் முழு அங்கமாகிற திடப்படுத்தல் ஆராதனைக்கும் அவர் இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் விமானச் சீருடையோடு ஓடிவந்து பாதியில் நுழைந்தார். போன வாரம் கேரன் என் சமையலறையில் நின்றுகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அம்மா, அப்பா எனக்கு வரல, அது பரவால்ல, நான் கைக்குழந்தை, எனக்கு ஞாபகமில்ல. இப்போ எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிற வயசு." இது போதாதென்று மாப்பிள்ளையின் அப்பா டெக்ஸஸிலிருந்து வந்து இறங்கியாயிற்று. பெயர் டுவேன். "அவரு வரலேன்னா ஒண்ணும் கவலைப்படாதீங்க சம்பந்தி, நான் தூக்கிக்கிட்டு நடக்கிறேன்" என்கிறார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கேக் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், தட்டை நீட்டிவிட்டார். அப்படிப்பட்டவர் கையில் நம் சிக்ரிட்டா?

உங்கள் அண்ணனுக்கு வேலை டெட்ராய்ட்டில், வீடு இங்கே. இத்தனை வருஷமும் டிக்கெட் வாங்கியா வந்துபோனார்? விமானி அறைக்குள்ளே, ஓட்டுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், சுவரோடு மடங்கி நிற்கிற அந்த மடக்கு சீட்டில்தானே. எந்தக் கம்பெனி விமானியானாலும், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, கேப்டனிடம் "கூட வரலாமா?" என்று கேட்டால், இடம் கொடுப்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. கேப்டன், "வாங்க, உட்காருங்க" என்பார். இவர், "இல்ல, உங்களுக்கு நெருக்கடியா இருக்கும், நான் நாளைக்கு வரேன்" என்பார். கேப்டன், "நெருக்கடியெல்லாம் இல்ல, வாங்க" என்பார். "பரவால்ல, காத்திருக்கிறது எனக்குப் பழக்கந்தான்" என்பார் இவர். கேப்டன், "யோவ், உள்ள வந்து உட்காருய்யா, கதவைச் சாத்தணும்" என்பார். அது மூன்றாவது தடவை, நம் வீட்டில் அதற்கு முன்னால் சரி சொல்வது மரியாதையில்லையே. இவர் உட்காருவார். இப்படியே பாதி ஆயுசு போயிற்று, ஒரு குறையும் இல்லை.

கோபுரங்களில் விமானங்களை மோதின அந்தச் செப்டம்பருக்குப் பிறகு நீங்கள் விமானி அறைக் கதவை இரும்பாக்கினீர்கள். சரி. கேப்டனே கூப்பிட்டாலும் யாரும் உள்ளே போகக்கூடாது என்றீர்கள். அதுவும் சரி, ஊர் பயந்துகிடந்தது, நானும் பயந்துதான் கிடந்தேன், சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, வாசல் மேசையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அங்கே நிற்கிற பெண் விமானியின் அட்டையைப் பார்த்து, "மடக்கு சீட்டு வேணுமா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அதில் தட்டி உள்ளே அனுப்பவேண்டும் என்று விதி போட்டீர்கள். எத்தனை தடவை கேட்கவேண்டும் என்று போட்டீர்களா? போடவில்லை. நம்ம வீட்டில் பிறந்த பிள்ளை, நம்ம வீட்டில் காப்பி குடித்து வளர்ந்த பிள்ளை, இதை எப்படி ஹார்லன் மறந்தாய்?

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் உங்கள் ஆட்கள் முறையாக நடந்துகொண்டார்கள். விமானிகளை ஒரு கூடத்தில் கூட்டி, இனிமேல் விருப்பப்பட்டவர்கள் துப்பாக்கியோடு ஓட்டலாம், யாருக்கு விருப்பம் என்று கேட்டார்களாம். ஒருத்தரும் கை தூக்கவில்லை. மறுபடி கேட்டார்களாம். இருமல் சத்தந்தான். மூன்றாவது தடவையும் கேட்டதும் உங்கள் அண்ணன் கை தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லுகிறார், "என்ன செய்ய அல்வினா, பாவம், மூணு தடவை கேட்டுட்டாங்க. அதுக்கு மேலயும் வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" இப்படித்தான் நம் குடும்பத்தில் ஆயுதம் நுழைந்தது. துப்பாக்கி வேண்டுமா என்று மூன்று தடவை, நாற்காலி வேண்டுமா என்று ஒரு தடவை. இதுதான் உங்க ஆபீஸ் நியாயம்.

பயிற்சிக்கு நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். குறி பார்ப்பதில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை, வாத்துச் சுட்டு வளர்ந்த கை. சத்தம் போடுவதில்தான் தவறிவிட்டார். கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வருகிறான், என்ன சொல்லுவீர்கள் என்று வாத்தியார் கேட்டாராம். இவர், "மன்னிச்சுக்கணும், கொஞ்சம் உங்க இடத்துக்குப் போறீங்களா?" என்றாராம். வாத்தியார் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டாராம். "அவன் போகலேன்னா?" "ரெண்டாவது தடவை சொல்லுவேன்." "அப்பவும் போகலேன்னா?" "அப்போ அவன் வளர்ந்த விதம் சரியில்ல, சார்." கடைசியில் வீட்டுக்குப் போய் சத்தம் போட்டுப் பழகு என்று சொல்லி அனுப்பினார்கள். கொட்டிலில் நின்றுகொண்டு "நகராதே! நகராதே!" என்று இவர் கத்தின கத்தலில் கோழிகள் பத்து நாள் முட்டையிடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரி, நானும் உங்கள் அண்ணனும் சண்டை போடுகிறோம் என்று போதகர் நில்ஸனை அனுப்பிவிட்டாள். போதகர் வந்து வாசலிலேயே ஜெபம் பண்ணினார். நான் காப்பி கொடுத்தேன். எல்லாம் உன்னால்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். டெட்ராய்ட்டில் வேலை முடிந்து ஒரு நாள் லீவு. வீட்டுக்கு வரலாம் என்று கிளம்புகிறார். அங்கே எட்டு விமானிகள் சேர்ந்து குடியிருக்கிற அறையில் பசியாறுகிறதற்கு நான் உருளைக்கிழங்கு மாவும், லெஃப்ஸ ரொட்டி புரட்டுகிற மெல்லிசு மரக்குச்சியும் கொடுத்தனுப்பியிருந்தேன். அந்தக் குச்சியைத் திருப்பிக் கொண்டுவருகிறார். சோதனை போடுகிற இடத்தில் பையைத் திறந்தார்கள். துப்பாக்கி இருந்தது. அட்டையைப் பார்த்தார்கள், "ரொம்ப நன்றி ஐயா" என்றார்கள். குச்சி இருந்தது. நாலு பேர் கூடிவிட்டார்கள். "இது என்னது?" "ரொட்டி புரட்டுற குச்சி." "வாள் மாதிரி இருக்கே?" "இருக்கும். ஆனா ரொட்டிதான் புரட்டும்." குச்சியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். பூ வேலை செய்த கைப்பிடி, ஹார்லன். அத்தை எனக்குக் கல்யாணத்தன்று கொடுத்தது. உன் அம்மாவின் குச்சியை உன் விதி குப்பையில் போட்டது.

பிறகு, விமானி அறையை விட்டு வெளியே வந்த விமானி துப்பாக்கியைப் பூட்டின பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றில் சாமான்களோடு அனுப்பவேண்டும் என்று இன்னொரு விதி. பூட்டு என்றதுமே அது நீ எழுதினது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைக் கொடுத்தார், ஏற்றிவிட்டார்கள். இவர் வாசல் மேசைக்குப் போனார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்து, "மடக்கு சீட்டு வேணுமா சார்?" என்று கேட்டாள். இவர், "அய்யோ, பரவால்லம்மா, வேற யாருக்காவது தேவைப்படும்" என்றார். அவள் 'வேண்டாம்' என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். இவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவைக்காக நின்றார். அவள் கதவைச் சாத்தினாள். விமானம் போய்விட்டது.

சாயங்காலம் மைனாட் விமான நிலையத்திலிருந்து டார்லீன் போன் பண்ணுகிறாள். அங்கே சாமான் மேசையில் இருக்கிறாளே, நம் பாடகர் குழுவில் தடித்த குரல், அவள்தான். "அல்வினா, உன் வீட்டுக்காரரோட துப்பாக்கி வந்துருச்சு."

"அவரு?"

"அவரு வரல. துப்பாக்கி மட்டுந்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான். நல்லபடியா வந்து சேர்ந்துச்சு, ஒரு கீறல்கூட இல்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை என்னிடம் கொடுக்கக்கூடாதாம், உடையவர் கையெழுத்து வேண்டுமாம். தனியாக விடவும் கூடாதாம். ஆகவே டார்லீன் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பிரசவித்தவளுக்குத் துணையிருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாவம் என்று மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பதார்த்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு தடவை வேண்டாம் என்றாள், மூன்றாவது தடவை சாப்பிட்டாள். பார், எவ்வளவு சுலபம். கடைசியில் ஷெரிஃப் வந்து பெட்டியை எடுத்துப்போய் லாக்கப்பில் வைத்துப் பூட்டினார். ஒரு மாதமாக அந்த அறையில் ஆளே இல்லையாம். இப்போது துப்பாக்கி ஜெயிலில் இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாதது.

உங்க அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?"

"அவ ஒரு தடவைதானே கேட்டா."

"ஒரு தடவை கேட்டா ஒரு தடவையிலேயே சரின்னு சொல்றதுக்கு என்ன?"

"எடுத்த எடுப்புல சரின்னு சொன்னா அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்? சீட்டுக்காகவே வந்து நிக்கிறான்னு நினைக்காதா?"

"சீட்டுக்காகத்தானே வந்து நின்னீங்க!"

"அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணுமா?"

ஹார்லன், இந்த மனுஷனோடு நான் முப்பத்தோரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். நானாக இருந்தால் அந்தப் பெண் வாயை மூடுவதற்குள் உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருப்பேன். எனக்கு இந்த வியாதி கிடையாது. புகுந்த வீட்டில் பழகிக்கொண்டதோடு சரி.

சரி, ஒரு நாள் லீவு போயிற்று, போகட்டும் என்றால், மறுநாள் பெரிய இடி. 'துப்பாக்கி ஏறியது, ஆள் ஏறவில்லை, காரணம் சொல்லவில்லை' என்று கம்ப்யூட்டர் உங்க ஆபீசுக்குச் சொல்லிவிட்டதாம். வாஸ்தவத்தில் எழுதிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் வாஷிங்டனிலிருந்து நல்லவர் என்று வார்த்தை வருகிறவரைக்கும் அவருக்கு மடக்கு சீட் கிடையாதாம். ஆனால் முன் சீட்டு உண்டாம்! நேற்றுக்கூட நூற்று நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மெம்ஃபிஸ் போய் வந்திருக்கிறார். விமானத்தை ஓட்டலாம். நூற்று நாற்பது உயிரைக் கையில் பிடிக்கலாம். அடுத்தவர் ஓட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்காரத்தான் கூடாது. இதை உங்க ஆபீசில் எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தீர்கள்? அத்தனை பேருக்கும் மடக்காத நாற்காலியா?

அவருக்கு வேலை சனிக்கிழமை மத்தியானம் முடிகிறது. சாயங்காலம் ஒரே ஒரு விமானம். டிக்கெட் வாங்கிவிடலாம் என்று கேட்டால் ஒன்றுகூட இல்லை. காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிற வாரம், விமானம் முழுக்க வேட்டைக்காரர்கள். உனக்கு விளங்குகிறதா? அந்த விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவனும் வயிற்றில் ஒரு துப்பாக்கியை ஏற்றிவிட்டு மேலே சாய்ந்து உட்கார்ந்து வருகிறான். துப்பாக்கி இல்லாமல் வரப்போகிறவர் உங்க அண்ணன் ஒருத்தர்தான், அவரைத்தான் ஏற்றமாட்டார்கள். காரில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவத்தான் வந்து சேருவார். காலியாக இருக்கப்போவது அந்த மடக்கு சீட் ஒன்றுதான். அது காலியாகவே பறந்து வரும். இங்கே டுவேன் குழந்தையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் உதவி கேட்கிற மாதிரி இருக்கும். கடிதத்தில் எழுதினால் சேதி சொல்லுகிற மாதிரி. அதற்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரத் தபாலுக்குக் காசு கொடுக்கப்போகிறேன். காகிதம் எடை கூடாமல் இருக்கத்தான் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

நான் கேட்பது, கேட்பது என்றுகூடச் சொல்லமாட்டேன், தெரிவிப்பது இரண்டு. அவர் நல்லவர் என்று ஒரு வார்த்தை. இது ஒன்று. அவர் உன் சொந்த அண்ணன், குளத்துப் பனிக்கட்டி உடைந்து நீ உள்ளே விழுந்தபோது வயிற்றில் படுத்துத் தவழ்ந்துபோய் உன்னை இழுத்தவர். அப்போது உன்னை இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டாவது, விதியில் ஒரு வரி: வாசலில் நிற்கிற பெண் மூன்று தடவை கேட்கவேண்டும். நம் ஆண்டவரே தம் சீஷனிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுத்தான் ஆட்டுக்குட்டிகளை ஒப்படைத்தார். அவருக்கு இல்லாத அவசரமா உங்க ஆபீசுக்கு? இதைப் படித்து முடித்தும் உனக்கு உறைக்காவிட்டால் நீ இன்னும் அந்தக் கோழிக்கூட்டு வாசலில்தான் நிற்கிறாய் ஹார்லன், கையில் சாவி, உள்ளே நரி, வெளியே உன் அண்ணன்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவேண்டும். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சந்தோஷம். வர முடியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்கு எவ்வளவோ வேலை. இது முதல் தடவை கூப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளவும். கர்த்தர் உங்களுடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக, வரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே.

அன்புள்ள அண்ணி,
அல்வினா தோர்ஸ்டாட்

பின்குறிப்பு: உறையை ஒட்டலாம் என்று நாக்கை நீட்டினேன், போன் அடித்தது. நீ. "அண்ணி, கேரன் பேசினா. சனிக்கிழமை அண்ணனுக்கு சீட்டுல ஏதோ சிக்கலாமே? நான் பார்க்கட்டுமா?" என்றாய். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அய்யோ, உனக்கெதுக்குப்பா சிரமம்" என்றது. நீ, "சிரமமே இல்ல அண்ணி, ஒரு போன் போட்டா முடிஞ்சுது. போடட்டுமா?" என்றாய். "வேண்டாம்ப்பா, அவரு எப்படியாவது வந்துருவாரு" என்றேன். நான்தான், ஹார்லன். மேலே இரண்டு பக்கமும் நெருக்கி எழுதின இதே நான். நீ, "அப்படியா, சரி அண்ணி" என்று வைத்துவிட்டாய். இரண்டே தடவை! இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் உன் வாயிலே சர்க்கரையைப் போட்டிருப்பேனே! போனைப் பிடித்தபடியே நின்றேன், அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது, புரட்டக் குச்சியும் இல்லை. மேலே உங்க அண்ணனைப் பற்றி எழுதின எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வேறு காகிதம் வீணாக்க மனமில்லை. இரு, போன் மறுபடி அடிக்கிறது. வாஷிங்டன் நம்பர். மூன்றாவது மணி அடித்ததும் எடுக்கிறேன். அதற்கு முன்னால் எடுத்தால், இதற்காகவே பக்கத்தில் நின்றேன் என்று நினைத்துவிடுவாய்.